மஸ்கட்டிலிருந்து மூன்று மணி ஐம்பது நிமிடம்

பிலிப்புவுக்கு முதல் குத்து மூக்கில் விழுந்தது. இரண்டாவது வருவதற்குள் அவன் வாயைத் திறந்துவிட்டான். அவனுக்குக் கையைவிட வாய் எப்போதுமே வேகம்.

“அண்ணே, இருக்கிறது ஒரே மூக்கு. பார்த்து அடிங்க.”

பிச்சைமுத்து பார்த்தே அடித்தான். இந்த முறை தாடையில். சாவு வீட்டுப் பந்தலுக்கு வெளியே அடுக்கி வைத்திருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளோடு சேர்ந்து சரிந்தான் பிலிப்பு.

“சாவு வூட்ல வந்து துப்பறியிறியாடா? பொணத்த எடுக்கற வரிக்கும் வெளியாளு ஒருத்தனும் உள்ள வரக் கூடாது!”

மூன்றாவது குத்துக்கு ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது. பின்னாலிருந்து தங்கமணி அதன் சுண்டுவிரலைப் பிடித்திருந்தாள். எந்தப் பக்கம் மடங்கக் கூடாதோ அந்தப் பக்கமாக மடக்கினாள். மளுக்கென்று ஒரு சத்தம். பிச்சைமுத்து அலறிக்கொண்டு மண்டியிட்டான்.

“துப்பறிய வரல தம்பி. மாலை போட வந்திருக்கோம்” என்றாள் அவள். உண்மையிலேயே அவள் கையில் மாலை இருந்தது.

பந்தலுக்குள் மரப் பெஞ்சின் மேல் கிடந்தார் அம்மாசி. அறுபத்திரண்டு வயது. தலையைச் சுற்றி வேட்டித் துணியை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அதையும் மீறி ரத்தம் கசிந்து காய்ந்திருந்தது. காலையில் கரும்புக் காட்டு மோட்டார் பள்ளத்தில் வழுக்கி விழுந்து, இரும்புக் குழாயில் தலை மோதிச் செத்தார் என்று கச்சிராயபாளையமே சொன்னது. ஆறு மணிக்குத் தண்ணீர் திருப்பப் போனவர்கள்தான் பார்த்தார்களாம்.

தங்கமணி நம்பவில்லை. போன வருடம் கரியாலூர் மலைப்பாதையில், ஒரு கொண்டை ஊசி வளைவில், இருசப்பன் என்ற ஜீப் டிரைவரை வெட்டிப் போட்டார்கள். வெட்டியது மலையில் மரம் கடத்தும் நாராயணசாமியின் கூட்டம். அதைக் கண்ணால் பார்த்த ஒரே சாட்சி அம்மாசி. அன்று கடுக்காய் பொறுக்க மலை ஏறியவர். நாளைக் காலை கள்ளக்குறிச்சிக் கோர்ட்டில் அவர் வாய் திறக்க வேண்டும். அதுவரை அவர் உயிருக்குக் காவலாக இருசப்பனின் மனைவி அமர்த்திய ஆள்தான் தங்கமணி. பதினெட்டு வருடம் போலீசில் இருந்துவிட்டு, கள்ளக்குறிச்சியில் ஓர் உரக்கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் போட்டவள். ‘உங்க மேல ஒரு கீறல் விழாதுங்க’ என்று அம்மாசியின் கையில் அடித்துச் சொன்னவள். இப்போது மண்டையே பிளந்து கிடந்தது. அவளுக்குத் தன்மேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

காலை ஐந்து பத்துக்கு அவர் டீக்கடையிலிருந்து அவளுக்குப் போன் செய்திருந்தார். ‘நாளைக்கு எத்தினி மணி பஸ்ஸுல வரணும்மா?’ என்று கேட்டார். குரலில் இருமல்கூட இல்லை.

மாலையைப் போட்டுவிட்டு அவள் வெளியே வந்து எஸ்.ஐ.க்குப் போன் செய்தாள்.

“வூட்ல யாரும் புகார் குடுக்கல தங்கமணி. வழுக்கி வுழுந்தாருன்னு பத்து பேரு சாட்சி சொல்றான். பாடைய மறிச்சா ஊரே ரோட்ல உக்காந்துடும். கொலைன்னு சொல்றதுக்கு உருப்படியா ஒண்ணு குடு, ஒடனே வரேன்.”

“எப்போ வரைக்கும் டைம்?”

“அவங்க எரிக்கிற வரைக்கும்.”

எரித்துவிட்டால் அம்மாசியின் மண்டையில் விழுந்த அடி சாம்பலாகிவிடும். நாராயணசாமி நாளைக்கு மாலை போட்டுக்கொண்டு கோர்ட்டை விட்டு இறங்குவான். இருசப்பனின் மனைவி அந்த ஊரில் ஒரு மாதம் உயிரோடு இருந்தால் அதிசயம்.

பிலிப்பு மூக்கைத் துண்டால் அமுக்கிப் பிடித்தபடி வந்தான். “அக்கா, என்னை அடிச்சவன் நாராயணசாமியோட டிரைவர். நாராயணசாமி ஆளு இங்க நாற்காலி அடுக்கறான். பாசம் பொங்குது பாருங்க.”

“நாராயணசாமி எங்க?”

“ஜாமீன்ல திருச்சியில. தினம் ஸ்டேஷன்ல கையெழுத்து. இன்னிக்கும் போட்டுட்டானாம். கையெழுத்தைத் தவிர வேற எதையும் ஒழுங்கா போடாதவன்.”

அப்போது துண்டை வாயில் பொத்தியபடி ஒருவர் வந்தார். அழுது அழுது குரல் கட்டியிருந்தது. பொன்னுரங்கம். அம்மாசியின் செத்துப்போன மனைவிக்குத் தம்பி. தன் மகள் செவ்வந்தியை அம்மாசியின் ஒரே மகன் ராசுவுக்குக் கொடுத்தவர். காலையிலிருந்து பந்தல், மோளம், பாடை எல்லாம் அவர் பொறுப்பில்தான் நடந்தது.

“அந்தப் பையன் அடிச்சதுக்கு மன்னிச்சிக்கோங்கம்மா. துக்கத்துல இருக்கறவங்க. வந்த வேல முடிஞ்சிடுச்சின்னா கெளம்புங்க.”

“எப்போ எடுக்கறீங்க?”

“அஞ்சு மணிக்கு. மாப்ள வரணும் இல்லீங்களா. மஸ்கட்ல இருக்கறான். காலைல ஆறேகாலுக்கு நான்தான் போன் போட்டு சேதி சொன்னேன். எல்லாரும் பாத்தாங்க. ஒடனே ஃபிளைட்டப் புடிச்சிட்டான். பதினொன்னு இருவதுக்கு மெட்ராஸ்ல எறங்கறான். வேன் அனுப்பிட்டேன்.”

அருகில் நின்ற பெரியவர் ஒருவர் தலையாட்டினார். “இன்னா காலம் பாருங்க. காலைல சொன்னா மத்தியானம் வந்து நிக்கறான். ஃபிளைட்டு நாலு மணி நேரந்தான். நம்ம ஊரு பஸ்ஸு மெட்ராஸ் போறதுக்கே ஆறு மணி நேரம் ஆவுது.”

பொன்னுரங்கம் போய்விட்டார். பிலிப்பு மூக்கிலிருந்து துண்டை எடுத்தான். தங்கமணியிடம் சேர்வதற்கு முன்னால் நான்கு வருடம் டிராவல்ஸ் ஆபீஸில் டிக்கெட் போட்டவன் அவன். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எத்தனை மைல், எத்தனை மணி என்பதெல்லாம் மனப்பாடம்.

“அக்கா, இப்ப மணி என்ன?”

“பத்து நாற்பது.”

“அப்ப ராசு அரபிக் கடல் மேல இல்ல, நம்ம நாட்டு மேல வந்துட்டான். ஆனா போன் அடிக்க முடியாது. பாருங்க, முப்பத்தஞ்சாயிரம் அடி ஒசரத்துல ஒரு சாட்சி. அவனை யாரும் வெட்டவும் முடியாது, யாரும் கேள்வி கேக்கவும் முடியாது.”

“அவன் எதுக்குச் சாட்சி?”

பிலிப்பு டீக் கேன் வைத்திருந்த மேஜைப் பக்கம் அவளை இழுத்துக்கொண்டு போனான். ஒரு பேப்பர் கப்பைக் கவிழ்த்து அதன் அடியில் பேனாவால் எழுத ஆரம்பித்தான். மூக்கு ரத்தம் ஒரு சொட்டு கணக்கின் மேல் விழுந்தது. அவன் அதைத் துடைக்கவில்லை.

“மஸ்கட்டுக்கும் மெட்ராஸுக்கும் வானத்துல ரெண்டாயிரத்து அறுநூறு கிலோமீட்டர். பறக்க மூணு மணி அம்பது நிமிஷம். பதினொன்னு இருபதுக்கு எறங்கணும்னா நம்ம கடிகாரத்துல ஏழரைக்குக் கெளம்பியிருக்கணும். அங்க அப்போ மணி ஆறு. டிக்கெட்ல ஆறுன்னுதான் போட்டிருக்கும்.”

“அதான் சரியா இருக்கே. ஆறேகாலுக்குச் சொல்லியிருக்காரு, ஏழரைக்கு ஏறியிருக்கான்.”

“எல்லாரும் அப்படித்தான் கணக்குப் போடறாங்க. ஏர்போர்ட்டுக்கும் ஏர்போர்ட்டுக்கும் நடுவுலதான் மூணு மணி அம்பது நிமிஷம். ஓடுபாதை மேல பாய் விரிச்சு எவனும் படுத்திருக்க மாட்டான். கவுன்ட்டரை ஒரு மணி நேரம் முன்னாடியே மூடிடுவான், அதாவது ஆறரைக்கு. சேதி கேட்டுப் பதினஞ்சு நிமிஷத்துல லீவு, டிக்கெட், பாஸ்போர்ட்டு எல்லாம் ஆகணும்.”

“பக்கத்துலயே இருந்தா?”

“இல்லக்கா. ராசு மொதல்ல அங்க போனப்ப டிக்கெட் போட்டவன் நானே. அவன் மஸ்கட்டுன்னு ஊர்ல சொல்லிக்கறான். வேலை பார்க்கறது அங்கேருந்து தெற்கே அறுநூறு கிலோமீட்டர் தள்ளி, பாலைவனத்துல ஒரு கேம்ப். கம்பெனி பஸ்ஸு ஏர்போர்ட்டுக்கு வர ஏழு மணி நேரம்.”

தங்கமணி கப்பைக் கையில் வாங்கினாள். ஆறரையிலிருந்து ஏழு மணி நேரத்தைக் கழித்தாள். ஒருமுறைக்கு இருமுறை கழித்தாள்.

“நேத்து ராத்திரி பதினொன்றரை.”

“அதுக்குள்ள அவன் கேம்ப்பை விட்டுக் கெளம்பியே ஆகணும். அதுக்கும் முன்னாடியே யாரோ அவனைக் கூப்பிட்டிருக்கணும்.”

“ஐயா என்கிட்ட பேசினது இன்னிக்குக் காலைல அஞ்சு பத்துக்குடா.”

“அதான் சொல்றேன்” என்றான் பிலிப்பு. முதல்முறையாக அவன் குரலில் கேலி இல்லை. “சாவு சேதி அஞ்சரை மணி நேரம் முன்னாடியே போயிடுச்சு. சாவுதான் லேட்டா வந்துது.”

மோளக்காரர்கள் அடியைக் கூட்டினார்கள். அவள் நேராகப் பிணத்தின் காலடிக்குப் போனாள்.

அங்கே செவ்வந்தி உட்கார்ந்திருந்தாள். இருபத்து மூன்று வயது இருக்கும். ஏழு மாதக் கர்ப்பம். மாமனாரின் பாதங்களைப் பிடித்தபடி அசையாமல் இருந்தாள். தங்கமணி பக்கத்தில் குந்தினாள்.

“உன் வூட்டுக்காரரு ஊருக்கு வர்றதுன்னா கேம்ப்லேருந்து எப்போம்மா கெளம்புவாரு?”

“மொத நாளு ராத்திரியேங்க. ஏழு மணி நேரம் பஸ்ல குலுங்கிக்கினு வரணும்னு பொலம்புவாரு.” அவள் மூக்கை உறிஞ்சினாள். “காலைலேருந்து அவருகிட்ட ஒரு வார்த்த பேசல. போனு ரிப்பேருங்க. நேத்து ராத்திரிலேருந்து டவரே இல்ல.”

மடியிலிருந்து போனை எடுத்து நீட்டினாள். பிலிப்பு அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். திரையின் மேல் மூலையில் ஒரு சின்ன விமானம் தெரிந்தது.

“ரிப்பேர் இல்லம்மா. ஃபிளைட் மோடுல போட்டிருக்கு. வானத்துல போறவன் போடறது. தரையில இருக்கற உன் போன்ல யாரு இதை அமுக்கினது?”

அவள் கண் ஒரு நொடி எங்கோ போய்த் திரும்பியது. அவள் பதில் சொல்வதற்குள், விரல் ஒடிந்த பிச்சைமுத்து பெஞ்சுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பாய்ந்தான். ஒடியாத கையால் போனைப் பறித்தான். குறுக்கே இருந்த கிழவியை மிதித்துத் தள்ளிவிட்டு, கொல்லைப் பக்கமாக ஓடி, கரும்புக் காட்டுக்குள் புகுந்துவிட்டான்.

“பிடிடா!”

“நான் பிடிச்சா அவன் திரும்ப அடிப்பான்கா” என்று கத்திக்கொண்டே பிலிப்பு அவளுக்கு முன்னால் ஓடினான்.

ஆளுயரத்துக்கு மேல் கரும்பு. காய்ந்த சோகை இலை முகத்தைக் கிழித்தது. இரண்டடிக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. சத்தம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று அந்தச் சத்தமும் நின்றது. பிலிப்புவும் நின்றான். அதுதான் அவன் செய்த தப்பு. பக்கவாட்டிலிருந்து கரும்பு வெட்டும் கத்தி ஒன்று வந்தது. கையைக் குறுக்கே கொடுத்தான். முழங்கைக்குக் கீழே சதை திறந்துகொண்டது.

“ஏசப்பா!” என்றான். அதற்கு மேல் ஜோக் வரவில்லை.

பிச்சைமுத்து அவன் நெஞ்சில் உதைத்துவிட்டு மோட்டார் கொட்டகைப் பக்கம் திரும்பினான். கொட்டகைக்குப் பக்கத்தில்தான் அந்தப் பள்ளம். பத்தடி ஆழம், அடியில் பச்சைத் தண்ணீர். காலையில் அம்மாசியைத் தூக்கிய இடம். அவன் போனைத் தண்ணீரில் எறிய ஓங்கினான். தங்கமணி கொட்டகைச் சுவரில் சாய்த்திருந்த பைப் ரெஞ்சை இரண்டு கையாலும் எடுத்து அவன் மணிக்கட்டில் இறக்கினாள். போன் சேற்றில் விழுந்தது. அவன் கத்தியோடு திரும்பினான். அடுத்த அடி முழங்காலில் விழுந்தது. அவன் விழுந்த பிறகும் அவள் இன்னொன்று போட்டாள். அது அம்மாசிக்காக. அதைப் பற்றி அவள் பின்னால் யாரிடமும் வருத்தப்படவில்லை.

“சொல்லு. ஐயாவை அடிச்சது நீயா?”

“நான் இல்லக்கா! என்னை அடிச்சே கொன்னாலும் நான் இல்ல!” அவன் வாயிலிருந்து எச்சிலும் ரத்தமும் சேர்ந்து வழிந்தன. “எரியற வரிக்கும் எவனையும் வுடாதன்னு காவலுக்குத்தான் எங்கண்ணன் நாராயணசாமி அனுப்புனாரு. அடிச்சவன் வேற ஆளு. உள்ளயே இருக்கான்.”

“யாரு?”

அவன் அதற்குள் மயங்கிவிட்டான். தங்கமணி தன் துப்பட்டாவைக் கிழித்துப் பிலிப்புவின் கையை இறுக்கிக் கட்டினாள். அவன் முகம் வெளுத்திருந்தது.

“போன்ல கேம்ப்புக்குப் பேசின கணக்கு இருக்கும்கா. இமோ ஆப்புல பாருங்க” என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

இருந்தது. நேற்று இரவு ஒன்பது நாற்பது. மூன்று நிமிடப் பேச்சு. அதற்கப்புறம் எதுவுமே இல்லை. இன்று காலை ஆறேகாலுக்கும் எதுவும் இல்லை. அவள் அங்கேயே நின்று எஸ்.ஐ.யைக் கூப்பிட்டு இரண்டு வரி சொன்னாள். அவர் ஜீப் எடுப்பதாகச் சொன்னார்.

அவர்கள் ரத்தமும் சேறுமாகப் பந்தலுக்குள் நுழைந்தபோது மோளம் தானாக நின்றது. ஐம்பது பேர் எழுந்து நின்றார்கள். மணி பதினொன்று நாற்பது.

“பொன்னுரங்கம் ஐயா, காலைல எந்தப் போன்லேருந்து ராசுகிட்ட பேசினீங்க?”

“என் போன்லதான்.” பட்டன் போனை எடுத்துக் காட்டினார்.

தங்கமணி அதை வாங்கிப் பார்த்தாள். ஆறேகாலுக்கு வெளிநாட்டு நம்பர் என்று ஒன்றுமே இல்லை. இவர் காதில் வைத்துக்கொண்டு ஊரே பார்க்க அழுதிருக்கிறார். மறுமுனையில் யாரும் இல்லை. அவள் அதைச் சொல்லவில்லை. செவ்வந்தியின் போனை மட்டும் தூக்கிப் பிடித்தாள்.

“எல்லாரும் கேளுங்க. ஐயா இன்னிக்குக் காலைல அஞ்சு பத்துக்கு என்கிட்ட பேசியிருக்காரு. ஆனா நேத்து ராத்திரி ஒம்போது நாப்பதுக்கே இந்தப் போன்லேருந்து ராசுவைக் கூப்பிட்டு ஊருக்கு வரச் சொல்லியிருக்காங்க. இல்லாட்டி ராசு அந்த ஃபிளைட்டுல ஏறியிருக்கவே முடியாது. நல்லா நடமாடிக்கிட்டிருந்த மனுஷனுக்கு முந்தின நாளே சாவு குறிச்சது யாரு?”

செவ்வந்தி தன் அப்பாவைப் பார்த்தாள். பொன்னுரங்கம் தரையைப் பார்த்தார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள்.

“நான்தான் பேசினேன்” என்றாள்.

அடுத்த நொடி பந்தல் வெடித்தது. ஒரு பெண் பாய்ந்து அவள் கொண்டையைப் பிடித்தாள். “அடிப் பாவி! சோறு போட்ட மாமனார கொன்னுட்டு கால புடிச்சிக்கினு அழுவுறியா?” கன்னத்தில் அறை விழுந்தது. முதுகில் ஒரு குத்து. செவ்வந்தி வயிற்றை மட்டும் இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். பிலிப்பு ஒற்றைக் கையோடு குறுக்கே விழுந்து அடிகளை வாங்கினான்.

தங்கமணி அவளைப் பார்க்கவில்லை. பொன்னுரங்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் அடி வாங்குகிறாள், அதுவும் பிள்ளைத்தாய்ச்சி. பெற்றவன் ஒரு அடி முன்னால் வைக்கவில்லை.

போனில் அந்தச் சின்ன விமானத்தின் மேல் கட்டைவிரலை வைத்து அமுக்கினாள்.

டிங். டிங். டிங். நிற்காமல் வந்து விழுந்தன. ராசு, ராசு, ராசு என்று திரை நிரம்பியது. அவள் ஒன்றைத் திறப்பதற்குள் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

“செவ்வந்தி! ஏய் செவ்வந்தி! ராத்திரிலேருந்து ஒனக்கு அடிச்சிக்கினே இருக்கறேன், இன்னா ஆச்சி ஒனக்கு?” பின்னால் சென்னை விமான நிலையத்து அறிவிப்புகள் கேட்டன. “மாமா எங்க? நேத்து ஒன் போன்லேருந்துதான பேசினாரு. அப்பாவுக்கு சீரியசு, ஆறு மணி ஃபிளைட்ட வுட்டுட்டா மூஞ்சி பாக்க முடியாது, வயித்துப்புள்ளக்காரிக்கு போன் போட்டு பயமுறுத்தாதன்னாரு. எப்புடி இருக்காரு அப்பா?”

செவ்வந்தியின் முடியைப் பிடித்திருந்த கை தானாக விட்டது.

பாடைக்கு மூங்கில் பிளக்க வைத்திருந்த அரிவாள் பொன்னுரங்கத்தின் காலடியில் கிடந்தது. அவர் அதை எடுத்ததை யாரும் பார்க்கவில்லை. வீசியதைத்தான் பார்த்தார்கள். போனைக் குறிவைத்து வந்த வீச்சு தங்கமணியின் தோளைக் கிழித்தது. போன் தரையில் விழுந்து உருண்டது. இரண்டாவது வீச்சுக்கு அவர் ஓங்க, அவள் கைக்கு எட்டிய டீக் கேனைத் தூக்கி மூடியோடு அவர் முகத்தில் அடித்தாள். கொதிக்கிற டீ முகம், கழுத்து, மார்பு என்று இறங்கியது. அவர் கூவிய கூவலில் தெரு நாய்கள் ஓடின. மோளக்காரர்கள் நாலு பேர் அவர்மேல் ஏறி உட்கார்ந்தார்கள்.

“ஏன்யா?” தங்கமணி அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். “உங்கக்கா புருஷன்தானே!”

“என் பேரையும் சொல்லுவேன்னாரு” என்று அவர் முனகினார். “அன்னிக்கு மலையில நாராயணசாமி ஆளுங்கள ஏத்திக்கினு போன வேன ஓட்டினது நான். கால்ல வுழுந்தேன். பாத்தத பாத்தேன்னுதான் சொல்லுவேன்னுட்டாரு. குழாய எடுத்து ஒரே அடிதான்.”

“அவசரமா எரிக்கணும்னு தெரியும். அப்புறம் எதுக்கு அவ்வளவு தூரத்துலேருந்து மகனைக் கூப்பிட்டே? கூப்பிடாம இருந்திருந்தா நீ மாட்டியிருக்கவே மாட்டே.”

வெந்த உதடுகளை அசைக்க முடியாமல் அவர் அழுதார். இந்த முறை நிஜமான அழுகை.

“மவன் கையால கொள்ளி வாங்காம அவரு எப்புடிங்க போவாரு? எங்கக்கா சாவறப்ப சத்தியம் வாங்கினுச்சி. அவரு தலமாட்டுல ராசு நிக்கணும்னு. மஸ்கட்ல மூணு வருசம் இருந்தவன் நான். ஃபிளைட்டு கணக்கெல்லாம் தெரியும். ராத்திரியே சொன்னாதான் வர முடியும்.”

“அந்தக்கா கொல்ல மாட்டேன்னு சேர்த்து சத்தியம் வாங்கியிருக்கலாம்” என்றான் தரையில் சரிந்து கிடந்த பிலிப்பு. அவன் சிரிக்கவில்லை. வேறு யாரும் சிரிக்கவில்லை.

தரையில் கிடந்த போன் இன்னும் பேசிக்கொண்டிருந்தது. “அலோ? இன்னா சத்தம் அங்க? யாராச்சும் சொல்லுங்களேன். அப்பா இருக்காரா?”

தங்கமணி குனிந்தாள். பதினெட்டு வருடத்தில் எத்தனையோ வீடுகளுக்குச் சாவு சொன்னவள். இந்த ஒரு சாவைச் சொல்ல அவள் வார்த்தை தேடினாள். அதற்குள் செவ்வந்தி போனை எடுத்துவிட்டாள். உதடு கிழிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. அவள் சேலை முந்தானையால் போனைத் துடைத்தாள்.

“நான்தாங்க பேசறேன்.”

“செவ்வந்தி! அப்பா…”

“மாமா போயிட்டாருங்க. இன்னிக்கு விடியக்காலைல. அடிச்சி கொன்னுட்டாங்க.”

எங்கோ ஒரு பெட்டியை உருட்டிக்கொண்டு போகும் சத்தம் மட்டும் வந்தது. பிறகு ராசு கேட்டான்.

“யாரு?”

அவள் தரையில் கிடந்தவரைப் பார்த்தாள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அவருக்காக ஊரார் கையால் அடி வாங்கியவள். பொன்னுரங்கம் வெந்த கண்களைத் திறந்து வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

“எங்கப்பன்” என்றாள் அவள்.

மறுமுனையில் ஒரு மனிதன் அத்தனை கூட்டத்துக்கு நடுவே உட்கார்ந்து கதறுவது பந்தல் முழுக்கக் கேட்டது. செவ்வந்தி அவன் அழுது ஓயும்வரை காதிலிருந்து போனை எடுக்கவில்லை. தெருமுனையில் ஜீப் வந்து நின்றது.

“கேக்குதாங்க? வேன்காரன அவசரப்படுத்தாதீங்க, மெதுவாவே வாங்க. வழியில எதுனா சாப்புடுங்க. மாமாவ இன்னிக்கு எடுக்க மாட்டோம்.”